கடைசித் தேதிக்கு முன்பு

பெரிய கடை மீன் அங்காடியைப் பற்றி எழுதியதன் இரண்டாம் பகுதியை இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். அது இருக்கட்டும். நடுவில் வீட்டில் ஒரு விஷயம் வந்துவிட்டது. உங்களில் பலர் வீட்டிலும் பேரன் பேத்திகள் கல்லூரியில் இருக்கிறார்கள். அதனால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வந்தான். முகமே சரியில்லை. காபியைக்கூடக் குடிக்காமல் சொன்னான்: “பாப்பா காலேஜுக்குப் போக மாட்டேங்கறாப்பா. கம்ப்யூட்டர் பிடிக்கலையாம். நிறுத்திடறேன்னு சொல்றா. நீங்க சொன்னா கேப்பா. ஒழுங்கா படிக்கச் சொல்லுங்க.”

பேத்திக்குப் பதினெட்டு வயது. பொறியியல் முதலாண்டு, முதல் செமஸ்டர். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சேர்ந்த அன்று எங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தோம்.

எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. இதே பிரச்சினை என் வாழ்க்கையில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. முதல் முறை எனக்கே வந்தது. இரண்டாம் முறை இந்த மகனுக்கு வந்தது. இரண்டு முறையும் நான் தப்பாகத்தான் நடந்துகொண்டேன். அதனால் இந்தத் தடவை உடனே வாயைத் திறக்கவில்லை. “அவளை இங்க ஒரு நாலு நாள் விட்டுட்டுப் போ” என்று மட்டும் சொன்னேன்.

முதலில் என் கதை.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்று பலமுறை எழுதியிருக்கிறேன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறிவிட்டது. அதற்குப் பிறகும் என் அப்பா என்னைப் பிரெஞ்சு வகுப்பில்தான் சேர்த்தார். அவர் ஒரு மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு தெரிந்தவனுக்கு உத்தியோகம் நிச்சயம் என்பது அவர் வாலிபத்தில் பார்த்த உண்மை. அந்த உண்மைக்கு வயதாகிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் பள்ளியில் மேலே ஏற ஏற வகுப்பின் எண் குறையும். ஆறாம் வகுப்புக்குப் பிறகு ஐந்தாம் வகுப்பு, அதற்குப் பிறகு நான்காம் வகுப்பு. பிள்ளைகள் பின்னால் போகிறார்கள் என்று அடுத்த வீட்டுப் பாட்டி சிரிப்பார்.

1967-இல் பிரெவே முடித்துவிட்டு பி.யூ.சி. சேர்ந்தேன். கணிதம், இயற்பியல், வேதியியல். எல்லாம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் மோசமில்லை. இருபதுக்குப் பதினான்கு, பதினைந்து வாங்குவேன். இங்கே வந்து முதல் வாரத்திலேயே கண் இருண்டது. நாங்கள் தசமத்துக்குக் காற்புள்ளி போடுகிறவர்கள். கரும்பலகையில் 12,500 என்று இருந்தால் எனக்கு அது பன்னிரண்டரை. விரிவுரையாளருக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண்ணை நாங்கள் வலப்பக்கம் எழுதி, ஈவை அதன் கீழே போடுவோம். இங்கே வகுக்கும் எண் இடப்பக்கம், ஈவு தலைமேல். நைட்ரஜன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது ‘அஸோத்’. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எங்களுக்கு ‘அசித் குளோரிட்ரிக்’. ஏழாம் எண்ணுக்கு நடுவில் நான் போடும் குறுக்குக் கோட்டைப் பார்த்து, அடித்துவிட்டதாக நினைத்து மதிப்பெண் குறைத்தார்கள்.

இவை எல்லாம் சின்ன விஷயங்கள். ஒரு மாதம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் பதினேழு வயதில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தோன்றியது. அடுத்த மாதம் ‘எனக்குப் படிப்பே வராது’ என்று தோன்றியது.

யாரிடமும் சொல்லவில்லை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு கிளம்புவேன். நேரே கடற்கரை. 1952 புயலில் உடைந்துபோன பழைய பாலத்தின் தூண்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருக்குமே, அதற்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். பதினொரு மணிக்கே சாப்பாட்டைத் தின்றுவிடுவேன். பிறகு சாயங்காலம் வரை நேரத்தைத் தள்ள வேண்டும். இப்படி இரண்டரை மாதம். விடுமுறை எடுத்து ஊர் சுற்றியதாக நினைக்காதீர்கள். அந்த இரண்டரை மாதத்தைப் போலப் பயத்தில் கழிந்த நாட்கள் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

சித்தப்பா ஒரு நாள் பார்த்துவிட்டார். மறுநாள் அப்பா மில்லுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு கல்லூரிக்கு வந்தார். வருகைப் பதிவு போதாது, தேர்வு எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அலுவலக ஜன்னலில் நின்றோம். அங்கே இருந்த குமாஸ்தா என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: “குரூப் மாத்திக்க ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருந்துச்சே தம்பி. ஹிஸ்டரி குரூப்புல இடம்கூட இருந்துச்சு. கேக்கக் கூடாதா?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்காரும் காலம் எனக்கும் வந்தது. தட்டச்சுக் கற்றுக்கொண்டு (பிரெஞ்சு இயந்திரத்தில் முதல் வரிசை ஏ-யில் தொடங்கும், இங்கே கியூ-வில், அதிலும் ஒரு மாதம் தடுமாறினேன்) 1972-இல் அரசு வேலையில் சேர்ந்தேன். பல வருஷம் மாணவர் உதவித்தொகைக் கோப்புகளைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் என்ன பேசினாலும் முதலில் கடைசித் தேதியைச் சொல்லிவிடுவது என் பழக்கமாக இருந்தது. சக ஊழியர்கள் என்னைத் ‘தேதி’ என்றே கூப்பிடுவார்கள். தேதி முடிந்த பிறகு கையில் மனுவோடு நிற்கும் தகப்பன்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லாருடைய கதையும் ஒன்றுதான்: பையன் மூன்று மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை, வீட்டுக்கு இப்போதுதான் தெரிந்தது.

எனக்குப் படிப்பு வந்ததா என்று கேட்பீர்கள். முப்பது தாண்டிய பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு எழுதித் தேறினேன். ஜன்னலில் அந்த மனிதர் சொன்ன அதே ஹிஸ்டரி.

அடுத்தது மகன் கதை. இதை எழுதத்தான் கை தயங்குகிறது. அவனிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். “எழுதுங்கப்பா, அதனால என்ன” என்றான்.

அவன் 1996-இல் பொறியியலில் சேர்ந்தான். எலக்ட்ரானிக்ஸ். அலுவலகத்தில் நான் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன். நான் தொலைத்த கணக்கும் இயற்பியலும் என் மகன் மூலமாகத் திரும்பி வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. மூன்றாவது செமஸ்டரில், 1997 கடைசியில், ஒரு ராத்திரி என் எதிரே வந்து நின்றான். “எனக்கு இது வரலப்பா. பி.காம். போறேன்” என்றான். கையில் ஒரு கலைக்கல்லூரியின் விண்ணப்பப் படிவம் வைத்திருந்தான். அடுத்த வருஷம் எவ்வளவு கட்டணம், பஸ்ஸுக்கு எவ்வளவு, இரண்டு வருஷம் போனால் போகட்டும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டும் வைத்திருந்தான்.

நான் அந்தப் படிவத்தைக் கையில் வாங்கவில்லை. “பாதியில விட்டவன் உருப்பட்டதில்லை” என்றேன். என்னைப் பற்றித்தான் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. என் பி.யூ.சி. கதையை நான் அதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. நான்கு வருஷப் படிப்பை ஆறரை வருஷத்தில் முடித்தான். பதினான்கு அரியர். இடையில் ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பட்டம் வாங்கிய பிறகு ஒரு தணிக்கையாளரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, கணக்கைத் தானாகக் கற்றுக்கொண்டு, இன்று நாலைந்து கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறான். நல்ல பெயர். அதாவது 1997-இல் அவன் போக நினைத்த இடத்துக்கேதான் போய்ச் சேர்ந்தான். நடுவில் அந்த வருஷங்களை என் பிடிவாதம் தின்றது. அவனுடைய பொறியியல் பட்டச் சான்றிதழ் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அவன் அதைக் கேட்கவே இல்லை.

இப்போது அதே மகன்தான் தன் பெண்ணை ‘ஒழுங்கா படிக்கச் சொல்லுங்க’ என்கிறான். வேடிக்கைதான். நம்மை இழுத்த செக்கையே நாம் பிள்ளைகளுக்கும் பூட்டுகிறோம்.

பேத்தி எங்கள் வீட்டில் நாலு நாள் இருந்தாள். முதல் இரண்டு நாள் நான் எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டியோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தாள், வடகம் பிழிந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போய் அந்தப் பழைய தூண்கள் இருக்கும் இடத்தைக் காட்டி என் கதையைச் சொன்னேன். “நீங்க காலேஜ் கட் அடிச்சீங்களா தாத்தா?” என்று வாயைப் பிளந்தாள். அதற்குப் பிறகுதான் அவளும் பேசினாள்.

வீட்டுக்கு வந்ததும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு கேள்வி எழுதினேன். குமாஸ்தா புத்தி, எதையும் எழுத்தில் பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

ஒன்று: மொத்தம் எத்தனை பாடம், அதில் பிடிக்காதது எத்தனை? எண்ணிப் பார்த்தாள். கணிதம் பரவாயில்லை. இயற்பியல் பரவாயில்லை. ஆங்கிலம் பிரச்சினை இல்லை. ட்ராயிங்கில் நல்ல பெயர். சி மொழியில் புரோகிராம் எழுதும் பாடமும் அதன் ஆய்வகமும்தான். ‘கம்ப்யூட்டர் பிடிக்கலை’ என்பது தாளில் எழுதியதும் ஆறு பாடத்தில் ஒன்றாகச் சுருங்கியது.

இரண்டு: அந்த ஒன்று பிடிக்கவில்லையா, புரியவில்லையா? ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அழுதாள். பிளஸ் டூ-வில் அவள் உயிரியல் எடுத்தவள். கூட இருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர்கள். ஆசிரியர் ஒரு வரி எழுதுவதற்குள் அவர்கள் நாலு வரி எழுதிவிடுகிறார்கள். இவள் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு, திரையில் வரும் பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து கேட்க வெட்கம். எனக்குக் காற்புள்ளி, இவளுக்கு அரைப்புள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று: விட்டுவிட்டால் அடுத்த திங்கட்கிழமை காலையில் எங்கே போவாய்? “தெரியல தாத்தா” என்றாள். இந்தக் கேள்விக்கு 1997-இல் என் மகனிடம் பதில் இருந்தது, படிவத்தோடு இருந்தது. ஓர் இடத்தைவிட்டுப் போகிறவர்களிலும் இரண்டு வகை உண்டு. ஒருவருக்குப் போகும் இடம் தெரிகிறது. இன்னொருவருக்கு இருக்கும் இடம் வலிக்கிறது. முதல் வகையைத் தடுக்கக் கூடாது என்பது என் அனுபவம். இரண்டாம் வகைக்கு முதலில் வலியைத்தான் பார்க்க வேண்டும்.

நாலு: கல்லூரியில் யாரிடம் கேட்டாய்? யாரிடமும் இல்லை. மூன்று மாதமாக ஒரு விரிவுரையாளரிடமும் பேசவில்லை. இதைக் கேட்டதும் அந்த ஜன்னலும் ‘கேக்கக் கூடாதா’ என்ற குரலும் ஞாபகம் வந்தன.

அன்று இரவே மகனைக் கூப்பிட்டு அனுப்பினேன். தாளைக் காட்டினேன். அவன் நாலு கேள்வியையும் படித்தான். மூன்றாவது கேள்வியில் அவன் கண் நின்றது. மெதுவாகச் சொன்னான்: “இவளைக் கேக்கறீங்க. என்னைக் கேக்கலையேப்பா.”

“ஆமாம். கேட்டிருக்கணும். தப்புதான்” என்றேன். இருபத்தெட்டு வருஷம் கழித்து வந்த வார்த்தை. வீட்டுக்காரம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மகன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பேத்தி விஷயத்தில் நாங்கள் எடுத்த முடிவு இது. செமஸ்டரை நடுவில் விடுவதில்லை. தேர்வு எழுதுவது. அதற்குள் இரண்டு வேலை. ஒன்று, அந்தப் பாடத்தின் ஆசிரியரை நேரில் பார்த்து, அடிப்படையே தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வது. இரண்டு, மேல் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணிடம் வாரம் மூன்று நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்வது. முடிந்த பிறகும் இது வேண்டாம் என்று தோன்றினால், அடுத்த செமஸ்டர் கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு முன் உட்கார்ந்து பேசுவது. அப்போது ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னால், எங்கே போகிறாள் என்பதையும் சொன்னால், அவள் அப்பாவோ நானோ மறுப்பதில்லை. இதை மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கடைசியில் இருக்கத்தானே சொன்னீர்கள் என்று கேட்காதீர்கள். இவள் இடத்தில் அன்றைய என் மகன் இருந்திருந்தால் போகத்தான் சொல்லியிருப்பேன். ‘பிடிக்கலை’ என்ற ஒரே வார்த்தையைத்தான் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். காய்ச்சல் என்று சொல்வது போலத்தான் அது. டைபாய்டா, வெறும் சளியா என்று பார்க்காமல் மருந்து கொடுக்க முடியுமா?

ஒரு குமாஸ்தாவாக நான் சொல்லக்கூடிய நடைமுறை விஷயங்கள் சில உண்டு. இதை மட்டும் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் திரும்பி வரும் விதி இருக்கிறது. அதற்குத் தேதியும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கை முடியும் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், சிறிய நடைமுறைக் கட்டணம் போக முழுக் கட்டணம் வரும். பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். அந்தத் தேதி கடந்து பதினைந்து நாளுக்குள் 80 சதவீதம். முப்பது நாளுக்குள் 50 சதவீதம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சில வருஷங்களில் இதைவிடத் தாராளமான விதியும் அறிவித்திருக்கிறார்கள். பொறியியல் போன்ற படிப்புகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. விதி தனியே உண்டு. அந்தந்த வருஷத்து அறிவிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விலகுகிறவனின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அந்த 2018 அறிவிப்பில் இருக்கிறது.

கட்டணம் திரும்பாத காலம் வந்துவிட்டால், நடுவில் எழுந்து போவதைவிடத் தேர்வை எழுதிவிட்டுப் போவதே பெரும்பாலும் லாபம். 2021-இல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். தேறிய பாடங்களின் கிரெடிட் வங்கிக் கணக்குப் போல மாணவன் பெயரில் சேரும். வேறு இடத்தில் சேரும்போது அதைக் காட்டலாம். எல்லாக் கல்லூரிகளும் இதை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் தேறிய மதிப்பெண் தாள் கையில் இருப்பது எப்போதும் நல்லது. சில பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு முடிவில் மதிப்பெண்ணையும் காலியிடத்தையும் பார்த்து வேறு பிரிவுக்கு மாற்றிக்கொடுக்கிறார்கள். இதற்கும் விண்ணப்பம் உண்டு, தேதி உண்டு.

வருகைப் பதிவு. பெரும்பாலான இடங்களில் 75 சதவீதம் கேட்கிறார்கள். பிள்ளை குழம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைத் தின்கிறது. முடிவு எடுக்கும் வரை வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கவிழ்த்தது கணக்குப் பாடம் இல்லை, வருகைப் பதிவுதான்.

உதவித்தொகையோ கல்விக் கடனோ வாங்கியிருந்தால், விலகுவதற்கு முன் அந்தந்த அலுவலகத்திலும் வங்கியிலும் கேளுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டுப் பிறகு வரும் கடிதங்களுக்குப் பதில் சொல்வது பெரும்பாடு. அந்தக் கடிதங்களை அனுப்பும் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

இன்னொன்று, கட்டிய பணம். “இவ்வளவு கட்டிட்டோமே” என்பதுதான் வீட்டில் முதலில் வரும் பேச்சு. கட்டிய பணம் இருந்தாலும் போயாச்சு, விட்டாலும் போயாச்சு. இனிமேல் கட்டப்போகும் பணத்தைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். என் மகனுக்கு முதல் மூன்று செமஸ்டருக்குக் கட்டியதை எண்ணிக்கொண்டே, மிச்ச ஐந்து செமஸ்டருக்கும் அரியர் தேர்வுகளுக்கும் கட்டினேன். கணக்குப்பிள்ளை மகனான எனக்கு இந்தச் சின்னக் கணக்கு அன்று புரியவில்லை.

கேட்டதும் விட அனுமதித்தால் பிள்ளைகள் எதையுமே தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று என் வயதுக்காரர்கள் சொல்வீர்கள். நடைப்பயிற்சியில் ஒரு நண்பர் அப்படித்தான் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. கஷ்டமாக இருக்கிறது என்பது மட்டும் விடுவதற்குக் காரணம் ஆகாது. அதனால்தான் இத்தனை கேள்வி. ஆனால் ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பிக்காதீர்கள். நம் காலத்தில் விட்டவர்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை, அவ்வளவுதான். நானே ஐம்பத்தெட்டு வருஷம் பேசாமல் இருந்தேன்.

நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய வீடுகளும் இருக்கின்றன. அங்கே ஒரு வருஷம் போவது சின்ன விஷயம் இல்லை. நிதானமாக உட்கார்ந்து பேசும் வசதியே அந்த வீடுகளில் குறைவு என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான் பயந்துகொண்டு சொல்லாமல் இருக்கும். கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே “எப்படி இருக்கு?” என்று கேட்டுவிடுங்கள். மார்க்கைக் கேட்காதீர்கள். எந்தப் பாடம் புரிகிறது, எது புரியவில்லை, பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். நம்மைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கு இந்த வேலை நன்றாக வரும். நமக்கு நேரம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நம்மிடம் பயமும் குறைவு.

இதையெல்லாம் எழுதும்போது நம் ஊரின் பழைய தேதி ஒன்று ஞாபகம் வருகிறது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் தெருவில் சில வீடுகளில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். அண்ணன் போட்டார், தம்பி போடவில்லை. என் அப்பா போடவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தாரா, முடிவெடுக்காமலே தேதி கடந்துபோனதா என்று நான் அவரைக் கேட்டதில்லை. போட்டவர்களும் வாழ்ந்தார்கள், போடாதவர்களும் வாழ்ந்தார்கள். ஆனால் உட்கார்ந்து பேசி, சரியோ தப்போ ஒரு பக்கம் முடிவெடுத்த வீடுகளில் பின்னாளில் குறை சொல்லும் பேச்சு அவ்வளவாக இல்லை. தேதியைக் கோட்டைவிட்ட வீடுகளில்தான் ‘போட்டிருந்தால்’ என்ற பேச்சு கடைசிவரை ஓயவில்லை.

படிப்பும் அப்படித்தான். விலகுவது அவமானம் இல்லை. சொல்லாமல் காணாமல் போவதுதான் கெடுதல். தங்குவது வீரமும் இல்லை. கேட்காமல் தங்கினால் அது வெறும் தண்டனை.

பேத்தி டிசம்பரில் எல்லாத் தேர்வையும் எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. சி மொழித் தாள் எப்படி என்று கேட்டால், “அரைப்புள்ளி எல்லாம் போட்டுட்டேன் தாத்தா” என்கிறாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலண்டரில் இரண்டு தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். பின்னால் இருப்பது அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசி நாள். பத்து நாள் முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் ‘தாத்தாவிடம் பேச’ என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது. அதன் கீழே மகன் கையெழுத்தில் ‘அப்பாவும்’ என்று இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால், விட்ட கதையானாலும் விடாத கதையானாலும், எனக்கு எழுதுங்கள். மீன் அங்காடியின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் நிச்சயம்.